தட்டைத் திரையா, ப்ரொஜெக்டரா? வாங்குவதற்கு முன் ஓர் ஒப்பீடு

அணைத்து வைத்திருக்கும் தட்டைத் திரைத் தொலைக்காட்சி கறுப்பாக இருக்கும். அணைத்து வைத்திருக்கும் ப்ரொஜெக்டரின் திரையோ வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ இருக்கும். பெரிய திரை ஒன்றை வீட்டுக்கு வாங்க நினைப்பவர், விளம்பரத் தாள்களில் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைப் படிக்கத் தொடங்கும் முன் இந்த வேறுபாட்டைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். ப்ரொஜெக்டரால் வெளிச்சத்தை அனுப்ப முடியும். இருட்டை அனுப்ப முடியாது. படத்தில் நள்ளிரவுக் காட்சி வரும்போது அது செய்யக்கூடியதெல்லாம் ஒளியை அனுப்பாமல் இருப்பது மட்டுமே. அப்போது, அறையில் இருக்கும் வெளிச்சத்தில் அந்தத் திரை எப்படித் தெரிகிறதோ அதுதான் படத்தின் ஆகக் கறுத்த நிறம். ஆகவே ப்ரொஜெக்டர் வாங்குகிறவர் பாதிப் பொருளைத்தான் கடையிலிருந்து கொண்டுவருகிறார்; மீதிப் பாதி அவருடைய அறை. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கோணத்திலிருந்தே எழுதப்படுகிறது.

இன்று சந்தையில் உள்ளவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்: பின்னொளி உள்ள எல்சிடி தட்டைத் திரைகள், தாமே ஒளிரும் ஓஎல்இடி தட்டைத் திரைகள், ப்ரொஜெக்டர்கள். ப்ரொஜெக்டர்களில் ஒரு கிளை, சுவரையொட்டி மேசைமேல் வைக்கும் 'லேசர் டிவி'. இதற்கு முன் இரண்டு வகைகள் இருந்து மறைந்தன. 1964-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாஸ்மா திரை, கறுப்பிலும் அசைவிலும் அக்கால எல்சிடியை எளிதாக வென்றது. ஆனால் மின்சாரத்தை அதிகம் குடித்தது, எடை மிகுந்திருந்தது, 4கே எனப்படும் மிக நுண்ணிய படத்துக்கு ஏற்ப அதன் ஒளிரும் நுண்ணறைகளைச் சிறிதாக்குவதும் கடினமாக இருந்தது. 2014 முடிவதற்குள் முன்னணி நிறுவனங்கள் அதைக் கைவிட்டுவிட்டன. பெட்டிக்குள்ளேயே ப்ரொஜெக்டரை வைத்துத் திரையின் பின்புறமிருந்து படத்தை வீழ்த்திய ரியர் ப்ரொஜெக்ஷன் தொலைக்காட்சிகளை மிட்சுபிஷி மட்டும் 2012 வரை பிடித்துக்கொண்டிருந்தது. பெரிய அளவு குறைந்த விலையில் கிடைக்கிறது என்பதுதான் அவற்றின் ஒரே பலம். எல்சிடி பெரிதாகவும் மலிவாகவும் ஆனதும் அந்தப் பலம் போயிற்று. பழைய பொருள் விற்பனையில் இவை கண்ணில் பட்டால் கடந்து செல்வதே நல்லது, ஏனெனில் உதிரி விளக்குகளும் வண்ணச் சக்கரங்களும் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகிறது. அதே விலைச் சண்டை இன்று லேசர் டிவிக்கும் 100 அங்குல எல்சிடிக்கும் இடையே திரும்ப நடக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

எல்சிடி திரையில் பிக்சல்கள், அதாவது படத்தின் புள்ளிகள், ஒளிர்வதில்லை. பின்னால் எப்போதும் எரியும் விளக்கை அவை மறைக்கவோ விடவோ செய்கின்றன. முழுமையாக மறைக்க அவற்றால் முடியாது என்பதால்தான் மலிவான எல்சிடியில் இருட்டுக் காட்சி சாம்பல் பூத்துத் தெரிகிறது. இங்கே பேனல் வகை முக்கியமானது. ஐபிஎஸ் வகைப் பேனலின் இயல்பான கான்ட்ராஸ்ட் (ஆக வெளிச்சமான இடத்துக்கும் ஆகக் கறுத்த இடத்துக்கும் உள்ள விகிதம்) ஏறத்தாழ 1000:1. விஏ வகையில் அது 3000:1 முதல் 5000:1 வரை போகும். ஆனால் விஏ பேனலைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் அந்த விஷயத்தில் நிதானமாக நிற்கும். சோபாவுக்கு நேர் எதிரே திரை இருந்தால் விஏ, அறையின் மூன்று பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள் என்றால் ஐபிஎஸ் என்று கொள்ளலாம். இந்தத் தகவலைப் பெரும்பாலான கடைகளில் கேட்டாலும் சொல்லத் தெரியாது. பக்கவாட்டில் நடந்து சென்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

பின்னொளியை நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரித்து, இருட்டான பகுதிக்குப் பின்னால் இருக்கும் விளக்கை மட்டும் தணிப்பதே 'லோக்கல் டிம்மிங்'. மினி எல்இடி என்று விற்கப்படுபவை இதைத்தான் மிக நுணுக்கமாகச் செய்கின்றன. எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், திரையில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருக்கின்றன, விளக்குப் பகுதிகளோ பெரும்பாலான செட்டுகளில் சில ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. இதன் விளைவைப் பார்க்கப் படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியலே போதும். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்துகள் மேலேறும்போது, ஒவ்வொரு வரியைச் சுற்றியும் ஒரு மங்கலான ஒளிப்புகை கூடவே ஏறுவதைக் காணலாம். சில செட்டுகளில் அந்தப் புகை எழுத்துக்கு ஒரு கணம் பிந்தி, தாவித் தாவி வரும். நேர் எதிரே உட்கார்ந்தால் குறைவாகவும், ஓரத்தில் உட்கார்ந்தால் கூடுதலாகவும் தெரியும். விளக்கு எரியும் அறையில் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பகலில் பார்க்கும் வீட்டுக்கு நல்ல மினி எல்இடியின் வெளிச்சம் தரும் பயன், இரவில் அந்த ஒளிப்புகை தரும் தொல்லையைவிடப் பெரிது.

'கியூஎல்இடி' என்ற பெயரைப் பார்த்து அது ஓஎல்இடியின் உறவு என்று எண்ணிவிடக் கூடாது. அது எல்சிடியேதான், நீலப் பின்னொளியின் முன்னே குவாண்டம் டாட் துகள்கள் கொண்ட ஒரு படலம் கூடுதலாக இருக்கிறது. நீல ஒளியை வாங்கித் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும் இத்துகள்களைக் கண்டுபிடித்து உருவாக்கியதற்காகத்தான் பவெண்டி, புரூஸ், எகிமோவ் ஆகிய மூவருக்கும் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறம் செழிக்கும் என்பது உண்மை. கறுப்பு மேம்படுவதற்கும் இதற்கும் தொடர்பு எதுவும் இல்லை.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியே எரியும், தனித்தனியே அணையும். கோடக் நிறுவனத்தின் டாங், வான் ஸ்லைக் ஆகியோர் 1987-இல் விவரித்த கரிமப் பொருள் டையோடு, 2007-இல் சோனியின் 11 அங்குலத் தொலைக்காட்சியாகவும், 2013-இல் எல்ஜியின் 55 அங்குலத் தொலைக்காட்சியாகவும் விற்பனைக்கு வந்தது. இருட்டிய அறையில் இதன் படத்துக்கு இணையாக வீட்டுச் சந்தையில் எதுவும் இல்லை என்பது என் முடிவு. நட்சத்திரம் நிறைந்த வானத்தில் ஒவ்வொரு புள்ளியும் புள்ளியாகவே நிற்கும். திரையின் விளிம்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. ஆனால் மூன்று குறைகள் உண்டு. பனிச்சறுக்கு, கிரிக்கெட் போன்ற திரை முழுவதும் வெளிச்சமான காட்சிகளில் மின்திறன் வரம்பின் காரணமாகத் திரை தானாகவே தணிந்துகொள்ளும். சிறு பகுதியில் 1000 நிட்டை (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு) தாண்டும் செட், முழு வெண்மையில் அதன் சிறு பங்கையே தரும். இரண்டாவது, ஒரே செய்தி அலைவரிசை நாள் முழுவதும் ஓடும் வீட்டில் அதன் முத்திரையும் அடியில் ஓடும் பட்டையும் ஆண்டுகள் செல்லச் செல்லத் திரையில் நிரந்தர நிழலாகத் தங்கிவிட வாய்ப்பு உண்டு. புதிய செட்டுகளில் இந்த அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, அற்றுப்போய்விடவில்லை. மூன்றாவதாக, 2022-இல் அறிமுகமான குவாண்டம் டாட் சேர்ந்த கியூடி ஓஎல்இடி வகையின் முதல் தலைமுறைகளில், வெளி ஒளியின் பிரதிபலிப்பை அடக்கும் முன்புறத் துருவப்படலம் இல்லாததால், வெளிச்சம் நேரே விழுந்தால் கறுப்பு சற்றே ஊதா சாம்பலாக எழும்பித் தெரியும். இருட்டில் அதே திரை அற்புதம்.

ப்ரொஜெக்டர்களுக்கு வருவோம். உள்ளே படத்தை உருவாக்கும் சில்லு மூன்று வகைப்படும். டிஎல்பி வகையில், 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்த நுண்ணாடிகள் லட்சக்கணக்கில் ஒரு சில்லின்மேல் வரிசையாக நின்று, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை சாய்ந்து நிமிர்கின்றன. வீட்டு வகைகளில் ஒரே சில்லுதான் இருக்கும் என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகவே திரைக்குச் செல்கின்றன. அவற்றை ஒன்றாகக் கலப்பது நம் கண்ணின் வேலை. சிலருடைய கண் அந்த வேலையை மறுத்துவிடுகிறது. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைத் தெருவிளக்கு தெரியும் காட்சியில், திரையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பார்வையைச் சட்டென்று திருப்பினால், விளக்கின் இடத்தில் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் ஒரு நொடிக்கும் குறைவாகச் சிதறித் தெரியும். பலருக்கு இது தெரிவதே இல்லை. தெரிபவர்களுக்கோ தலைவலி வரும்வரை தெரிந்துகொண்டே இருக்கும். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தாலும் அந்தப் பொருள் அந்த வீட்டுக்கு ஆகாது என்பதால், குடும்பத்தோடு சென்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

எப்சன் முன்னெடுத்த மூன்று எல்சிடி முறையில் மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் செல்வதால் இந்தச் சிக்கல் இல்லை. நிற வெளிச்சமும் வெள்ளை வெளிச்சமும் சமமாக இருக்கும். ஆனால் மூன்று பேனல்களின் படமும் ஒன்றன்மேல் ஒன்று மிகச் சரியாக விழ வேண்டும். விலகினால் எழுத்துகளின் ஓரத்தில் நிறக்கோடு தென்படும். காற்று வழி மூடப்படாத வகைகளில் பேனலில் தூசி படிந்தால், இருட்டுக் காட்சியில் அது கையளவு பச்சை அல்லது நீலத் திட்டாகத் திரையில் மிதக்கும். மூன்றாவது, ஒளியைப் பிரதிபலிக்கும் எல்சிடி சில்லு கொண்ட எல்காஸ் வகை. சோனியும் ஜேவிசியும் முறையே எஸ்எக்ஸ்ஆர்டி, டி-ஐஎல்ஏ என்ற பெயர்களில் விற்பது இதைத்தான். ப்ரொஜெக்டர் உலகின் ஆழ்ந்த கறுப்பு இதில்தான் கிடைக்கிறது. விலை அதிகம், உருவமும் பெரிது. சுவரும் கூரையும் இருண்ட நிறத்தில் இருக்கும் தனி அறை இல்லாதவர் இதற்குச் செலவிடுவது வீண்.

ஒளிமூலத்தில் முடிவு எளிது. பாதரச விளக்கு 3000 முதல் 5000 மணி நேரம் வரை உழைக்கும், அதுவும் பாதி வழியிலேயே மங்கத் தொடங்கிவிடும். நாளொன்றுக்கு 4 மணி நேரம் என்று வைத்தால், 4000 மணி நேர விளக்கு மூன்று ஆண்டுகூட நிறைவதற்குள் மாற்றத்துக்கு வந்துவிடும். லேசர் ஒளிமூலத்துக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் 20,000 மணி நேரம், அதே பயன்பாட்டில் 13 ஆண்டுகளுக்கு மேல் வரும். எப்போதாவது படம் பார்ப்பவருக்கு மட்டும் விளக்கு வகை இன்னமும் பொருந்தும். மூன்று தனி லேசர்களைக் கொண்ட வகைகளில் நிறம் மிகச் செழிப்பாக இருந்தாலும், வெளிர்நிறப் பரப்புகளில் மணல் தூவியதுபோல் ஒரு மினுமினுப்பு சிலருக்குத் தெரியும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இனி இந்த ஒப்பீட்டின் உயிர்நாடியான கணக்கு. ப்ரொஜெக்டரின் வெளிச்சத்தை லூமெனிலும் தட்டைத் திரையின் வெளிச்சத்தை நிட்டிலும் சொல்வதால் வாங்குபவர் இரண்டையும் ஒப்பிட முடியாமல் திகைக்கிறார். மாற்றும் வழி கடினமானதன்று. லூமெனைத் திரையின் ஆதாயத்தால் (விழும் ஒளியைத் திரை முன்னோக்கித் திருப்பும் அளவு) பெருக்கி, திரைப் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, அதை 3.14 ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் நிட் கிடைத்துவிடும். 16:9 வடிவத்தில் 100 அங்குலத் திரை ஏறத்தாழ 2.21 மீட்டர் அகலமும் 1.25 மீட்டர் உயரமும் கொண்டது, பரப்பு 2.76 சதுர மீட்டர். ஆதாயம் 1 ஆக உள்ள சாதாரண வெள்ளைத் திரையில் 2000 லூமென் விழுந்தால் கிடைப்பது சுமார் 230 நிட். அதே கருவியை 120 அங்குலத்துக்கு விரித்தால் 160 நிட்டாகிவிடும். திரையரங்கில் டிஜிட்டல் படத்துக்கான அளவுகோலே 48 நிட்தான் என்பதால், இருட்டில் இவை தாராளமான எண்கள். அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் லூமென், பெரும்பாலும் நிறம் பச்சைக்குச் சாய்ந்த, ஆக வெளிச்சமான அமைப்பில் அளந்தது; நிறம் சரியாக இருக்கும் அமைப்பில் அது கணிசமாகக் குறையும். மலிவான சிறு ப்ரொஜெக்டர்களின் பெட்டியில், தர அளவீட்டைக் குறிக்கும் 'ஆன்சி' அல்லது 'ஐஎஸ்ஓ' என்ற சொல் இல்லாமல் வெறுமனே 9000 லூமென், 12,000 லூமென் என்று இருந்தால் அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை.

வெளிச்சம் போதுமா என்பது பாதிக் கேள்விதான். விளக்கு எரியும் கூடத்தில் திரையின்மேல் 100 லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அலகு) ஒளி விழுவதாக வைத்துக்கொள்வோம். மாலை நேரத்தில் மிதமாக விளக்குப் போட்ட வீட்டில் இது வழக்கமான அளவே. வெள்ளைத் திரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும்போது, ப்ரொஜெக்டர் ஒன்றுமே அனுப்பாத இடத்திலும் ஏறத்தாழ 32 நிட் இருக்கும். அந்த 100 அங்குலத் திரையில் ஆக வெளிச்சமான இடம் 230-உம் 32-உம் சேர்ந்து 262 நிட். ஆகக் கறுப்பான இடம் 32 நிட். ஆகவே கான்ட்ராஸ்ட் வெறும் 8:1. பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பது பத்து லட்சத்துக்கு ஒன்றாக இருந்தாலும் அறை அதை எட்டுக்கு ஒன்றாக்கிவிடுகிறது. அதே அறையில் தட்டைத் திரையின் கண்ணாடிப் பூச்சு, தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே கண்ணுக்குத் திருப்புவதால் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறது. லூமெனை இரட்டிப்பாக்கினால் 8:1 என்பது 15:1 ஆகும். ஒரு விளக்கை அணைத்து 100 லக்ஸை 10 லக்ஸாக்கினால் அது 70:1-ஐத் தாண்டிவிடும். பணம் எதற்குச் செலவாக வேண்டும், கனத்த திரைச்சீலைக்கா அல்லது கூடுதல் லூமெனுக்கா என்பது இந்த இரண்டு எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் இதே குற்றத்தை வேறு வழியில் செய்கின்றன. விளக்கு எல்லாவற்றையும் அணைத்த பிறகும், திரையிலிருந்து கிளம்பும் ஒளி கூரையில் பட்டுத் திரைக்கே திரும்பி, படத்தின் இருண்ட பகுதிகளைக் கழுவிவிடுகிறது. திரைக்கு அருகில் இருக்கும் கூரைப் பகுதிக்கும் பக்கச் சுவருக்கும் மட்டுமாவது பளபளப்பற்ற இருண்ட வண்ணம் பூசினால் கிடைக்கும் மாற்றம் கண்கூடானது. இதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்குமா என்பது தொழில்நுட்பத்துக்கு அப்பாற்பட்ட விஷயம்.

லேசர் டிவி என்ற பெயரில் வருபவை இந்தச் சிக்கலுக்குத் திரையின் வழியாக விடை தேடுகின்றன. சுவரிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் வைக்கப்படும் கருவி, கீழிருந்து மிகச் சாய்வாகப் படத்தை மேலே எறிகிறது. அதற்கென்று செய்யப்படும் திரையில் கண்ணுக்குத் தெரியாத வரிவரியான முகடுகள் உண்டு. முகட்டின் கீழ்முகம் ஒளியைப் பார்வையாளரிடம் திருப்பும், மேல்முகம் கறுப்பாக இருந்து கூரை விளக்கின் ஒளியை விழுங்கும். தத்துவம் நன்று, கூரை விளக்கைப் பொறுத்தவரை வேலையும் செய்கிறது. பக்கத்து ஜன்னலிலிருந்தும் எதிர்ச்சுவர் விளக்கிலிருந்தும் வரும் ஒளிக்கு எதிராக அது அவ்வளவாக உதவுவதில்லை. அத்துடன், சாய்வு மிக அதிகம் என்பதால், கருவியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் படத்தின் மேல்விளிம்பு பல மில்லிமீட்டர் வளைந்துவிடும். துடைப்பவர் கை பட்டால் மறுபடியும் சரிசெய்ய வேண்டும். சுருட்டும் துணித் திரையில் ஏற்படும் மெல்லிய அலைகூட நேர்க்கோட்டைப் பாம்பாக்கிவிடும் என்பதால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையே வேண்டும். அந்தத் திரையின் விலையைச் சேர்க்காமல் லேசர் டிவியின் விலையை யாராவது சொன்னால், அது முழு விலை ஆகாது.

100 அங்குல எல்சிடி செட்டுகள் அரிதாக இருந்தவரை லேசர் டிவிக்கு எதிரி இல்லை. இப்போது அவை பரவலாகக் கிடைக்கின்றன; வெளிச்சத்திலும் கறுப்பிலும் லேசர் டிவியை எளிதாக மிஞ்சுகின்றன. லேசர் டிவிக்கு எஞ்சியிருக்கும் ஒரே உறுதியான வாதம், பொருளை வீட்டுக்குள் கொண்டுபோவது. 100 அங்குலப் பேனலின் அட்டைப்பெட்டி இரண்டேகால் மீட்டரைவிட நீளமானது, ஐம்பது கிலோவைத் தாண்டும் எடையுடையது, வளைக்கவோ படுக்க வைக்கவோ கூடாதது. மின்தூக்கியின் உட்புற உயரத்தையும், மாடிப்படித் திருப்பத்தின் அகலத்தையும், வாசற்கதவின் அளவையும் அளவு நாடா கொண்டு அளந்த பிறகே பணம் கட்ட வேண்டும். ப்ரொஜெக்டரும் பிரித்துக் கட்டும் திரையும் எந்தப் படிக்கட்டிலும் ஏறிவிடும்.

எவ்வளவு பெரிய திரை தேவை என்பதில் ஆசைதான் பெரும்பாலும் முடிவெடுக்கிறது. ஆனால் கணக்கு உண்டு. பார்வைப்புலத்தில் திரை 30 பாகையாவது நிறைய வேண்டும் என்பது பரவலான வழிகாட்டு அளவு. திரையரங்கு உணர்வு வேண்டுவோர் 40 பாகை வரை போகலாம். அகலத்தை 1.87 ஆல் பெருக்கினால் முதல் தூரமும், 1.37 ஆல் பெருக்கினால் இரண்டாவது தூரமும் கிடைக்கும். 65 அங்குலத் திரைக்கு இது 2.7 மீட்டரும் 2 மீட்டரும். 100 அங்குலத்துக்கு 4.1 மீட்டரும் 3 மீட்டரும். இருக்கை மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கும் வீட்டில் 65 அங்குலம் சிறிது என்றும், 100 அங்குலம் செய்தி வாசிப்பவரின் முகத்துக்குச் சற்று அதிகம் என்றும் தோன்றும். 75 முதல் 85 வரை பொருந்தும். அந்த அளவுகளில் தட்டைத் திரை எளிதாகக் கிடைக்கிறது என்பதால், அங்கே ப்ரொஜெக்டரைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

துல்லியம் பற்றிய பேச்சு மிகையானது. நல்ல கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இதன்படி 55 அங்குலத் திரையில் முழு எச்டிக்கும் 4கேவுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 2.2 மீட்டருக்கு உள்ளே வந்தால்தான் தெரியத் தொடங்கும். 100 அங்குலத்தில் நான்கு மீட்டரிலிருந்தே தெரியும். எனவே 4கேவின் பயன் உண்மையில் பெரிய திரையில்தான் இருக்கிறது. வீட்டு டிஎல்பி ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் உள்ள சில்லில் 1920×1080 ஆடிகள்தான் உள்ளன. அவை காட்டும் படத்தை மிக விரைவாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி 4கே ஆக்குகிறார்கள். இதை மோசடி என்று சிலர் சொல்வது மிகை. அசையும் படத்தில் வேறுபாட்டைக் காண்பது கடினம். ஆனால் ப்ரொஜெக்டரைக் கோணலாக வைத்துவிட்டு 'கீஸ்டோன்' வசதியால் படத்தை நிமிர்த்தினால், அதற்காகப் பிக்சல்கள் பலி கொடுக்கப்படுகின்றன. லென்ஸையே நகர்த்தும் வசதி உள்ள கருவியை வாங்கி, நேராகப் பொருத்துவதே முறை.

எச்டிஆர் எனப்படும், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அகன்ற வீச்சுள்ள படங்களில் தட்டைத் திரையின் வெற்றி தெளிவானது. அந்த முறை 10,000 நிட் வரை எழுத இடம் தருகிறது. படங்கள் வழக்கமாக 1000 அல்லது 4000 நிட் திரைகளில் நிறச்சீர் செய்யப்படுகின்றன. ப்ரொஜெக்டர் அவற்றை 100 முதல் 200 நிட்டுக்குள் சுருக்கியாக வேண்டும். நன்றாகச் சுருக்கும் கருவிகள் உண்டு, ஆனால் வெயிலில் மின்னும் நீரின் கூர்மை ஓஎல்இடியிலோ மினி எல்இடியிலோ கிடைப்பதுபோல் அதில் கிடைக்காது. விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் தட்டைத் திரையே பொருந்தும். 4கேவில் வினாடிக்கு 120 படச் சட்டங்களை ஏற்கும் எச்டிஎம்ஐ 2.1 துளைகள் அங்கேதான் பரவலாக உள்ளன.

கூரையில் ப்ரொஜெக்டர் மாட்டுவோர் கேபிளின் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். சாதாரணச் செம்புக் கம்பி எச்டிஎம்ஐ, முழு வேகத்தில் சுமார் மூன்று மீட்டருக்கு மேல் நம்பத்தக்கதன்று. நீண்ட தூரத்துக்கு ஒளியிழைக் கேபிள் தேவைப்படும். சுவருக்குள் புதைப்பதானால், பிற்காலத்தில் இழுத்து மாற்றும்படி குழாய்க்குள் விட வேண்டும். ஒலிக்குத் தனிச் செலவு உண்டு. காற்றாடிச் சத்தம் அமைதியான வசனக் காட்சிகளில் தலைக்கு மேலிருந்து கேட்கும். சில ப்ரொஜெக்டர்களில் பிரபல ஸ்ட்ரீமிங் சேவைகளின் செயலிகளுக்கு அங்கீகாரம் இல்லாததால் தனிக் கருவி ஒன்றைச் செருக வேண்டியிருக்கும். இவை எல்லாம் சிறு விஷயங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றும் செலவுக் கணக்கில் ஒரு வரி.

என் பரிந்துரை இப்படி அமைகிறது. பகலும் இரவும் செய்தி, தொடர், விளையாட்டு என்று ஓடும் கூடத்துக்கு மினி எல்இடி எல்சிடி. இரவில் விளக்கணைத்துப் படம் பார்ப்பதே முதன்மை என்றால், 77 அல்லது 83 அங்குலம் வரை ஓஎல்இடி. முழுமையாக இருட்டாக்கக்கூடிய அறை தனியே இருந்து, 110 அங்குலத்துக்கு மேல் வேண்டும் என்றால் மட்டும் லேசர் ஒளிமூலம் கொண்ட ப்ரொஜெக்டர். அங்கே அது தரும் அனுபவத்தைத் தட்டைத் திரை தராது. அந்த அளவில் படம் பார்ப்பது வேறு வகையான பார்ப்பு. மனித முகம் உண்மையான அளவைத் தாண்டி நிற்கும்போது நடிகரின் கண்ணசைவுகூட அறை முழுவதும் பரவுகிறது. கூடத்தில் வைக்க லேசர் டிவியைப் பொதுவாக நான் பரிந்துரைக்க மாட்டேன்; 100 அங்குலப் பேனல் படியேறாத வீடும், கருவி அணைந்திருக்கும் நேரத்தில் சுவரில் பெரிய கறுப்புக் கண்ணாடி தெரியக் கூடாது என்ற விருப்பமும் விதிவிலக்குகள்.

கடைக்குச் செல்லும்போது நம்முடைய படக் கோப்புகளை ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்வது பயன் தரும். கடையின் காட்சிப் படங்கள் பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளுமாக, எந்தக் குறையும் வெளிப்படாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டவை. முழுவதும் ஒரே சாம்பல் நிறமான ஒரு படம், கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடும் ஒரு துணுக்கு, விளையாட்டு மைதானத்தின்மேல் கேமரா மெல்லத் திரும்பும் ஒரு காட்சி, மங்கலான அறையில் நடக்கும் ஓர் உரையாடல் ஆகிய நான்கும் போதும். சாம்பல் படத்தில் தெரியும் அழுக்குத் திட்டுகள், பின்னர் மைதானத்தின் பச்சையிலும் அதே இடத்தில் தெரிந்தால் அந்தப் பேனல் சீரற்றது. முதலில் 'விவிட்' அல்லது கடைக்கான அமைப்பிலிருந்து 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' அமைப்புக்கு மாற்றச் சொல்ல வேண்டும். படம் மஞ்சளாகத் தோன்றினால் இரண்டொரு நிமிடம் கண் பழகக் காத்திருக்க வேண்டும். ப்ரொஜெக்டரை இருட்டறையில் மட்டும் காட்டினால், கூடத்து விளக்கைப் போடச் சொல்லித் திரும்பவும் பார்க்க வேண்டும். மறுக்கும் கடையில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

பணம் கட்டும் முன் உத்தரவாதச் சீட்டில் மூன்று வரிகளைத் தேட வேண்டும்: எத்தனை பிக்சல்கள் பழுதானால் மாற்றித் தருவார்கள், ஓஎல்இடியில் படிந்த நிழலுக்கு உத்தரவாதம் பொருந்துமா, ப்ரொஜெக்டரின் ஒளிமூலத்துக்குரிய காலம் ஆண்டிலா அல்லது மணி நேரத்திலா, அல்லது இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதுவா. பெரிய பேனல் பழுதானால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த அட்டைப்பெட்டியை மீண்டும் கீழே இறக்கிக் கொண்டுபோவது வாங்கியவரின் பொறுப்பு என்று சில சீட்டுகளில் சிறிய எழுத்தில் இருக்கிறது.